ஏழாம் அத்தியாயம்: சுயசரிதைகளைச் செவியாற் கேட்டல்

நாவல்களை ஒலிநூலாகக் கேட்பதைப் பற்றிச் சென்ற அத்தியாயத்தில் சொல்லும்போது, படிப்பவரது குரல் இனிமையாக அமைந்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது என்று எழுதியிருந்தேன். சுயசரிதைக்கு அந்த விதி செல்லாது. நாவலில் குரல் ஓர் அலங்காரம். தன் வாழ்க்கையைத் தானே எடுத்துரைக்கும் நூலிலோ அது சாட்சியாக நிற்கிறது. கூண்டில் ஏறிப் பேசுகிறவனுடைய சாரீரம் எப்படியிருக்கிறது என்று எந்த நியாயாதிபதியும் ஆராய்வதில்லை. அவன் எந்த இடத்தில் தயங்குகிறான், எதை அவசரமாகக் கடந்து போகிறான், எதைக் கேளாமலே இரண்டு முறை சொல்கிறான் என்பனவற்றைத்தான் அவர் குறித்துக்கொள்கிறார். ஆகவே இத்தகைய நூல்களைக் கேட்கத் தொடங்கும் அன்பர், கச்சேரிக்குப் போகும் செவியை வீட்டிலே வைத்துவிட்டு, வழக்குக் கேட்கும் செவியோடு வந்து உட்கார வேண்டும்.

இந்தப் பாடத்தை நான் கற்றது ஒலிநூல் என்ற பெயரே வழங்காத காலத்தில். எங்கள் அத்தைப்பாட்டிக்குக் கண்ணில் புரை விழுந்தபின், விகடனிலிருந்து வாரா வாரம் கிழித்தெடுத்துத் தைத்துவைத்திருந்த, சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை மாலை வேளைகளில் திண்ணையில் உட்கார்ந்து நான் படித்துக்காட்டுவது வழக்கம். விளையாடப் போகும் அவசரத்தில் நான் வரிகளை விழுங்கிக்கொண்டே போவேன். “இருடா கண்ணா, யார் வந்தார்னு சொன்னே? அந்தப் பேரை மறுபடி சொல்லு” என்று நிறுத்துவாள். ஒரு நாள், ஐயர் தம் தகப்பனாரோடு ஊர் ஊராக நடந்து போகும் பகுதியை நான் ஓட்டமாக ஓட்டியபோது, “நீ ஏண்டா ஓடறே? அவா நடந்துதானே போனா!” என்றாள். இன்று கைப்பேசிச் செயலிகளில் ஒன்றே கால், ஒன்றரை என்று வேகத்தைக் கூட்டும் பொத்தானைக் காணும்போதெல்லாம் அந்தக் குரல் என் காதில் விழுகிறது. செய்தித் தொகுப்புகளையும் வியாபார யோசனை கூறும் நூல்களையும் எந்த வேகத்திலேனும் கேட்டுத் தொலையுங்கள். ஒருவர் தம் தாயின் மரணத்தைச் சொல்லும்போது அவர் விடும் பெருமூச்சைப் பாதியாகக் குறைத்துக் கேட்பதில் மிச்சமாகும் நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்? வேகம் ஒன்றிலேயே இருக்கட்டும். படிப்பவர் துரிதக்காரராக இருந்தால் முக்காலுக்குச் சற்று மேலே வைத்துக்கொள்வதும் பிழையன்று.

கண்ணால் படிக்க இயலாதவர்களுக்காகவே இந்தக் கலை தோன்றியது என்பதும் ஈண்டு நினைக்கத் தகும். முதல் உலக யுத்தத்தில் பார்வையிழந்த போர்வீரர்களை மனத்திற்கொண்டு இங்கிலாந்தில் 1935-ஆம் வருஷம் பேசும் புத்தகங்கள் இசைத்தட்டுகளில் வெளிவந்தன. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும் ஜோசப் கான்ராடின் கடற்கதை ஒன்றும் முதலில் பதிவானவை. ஒரு நூலுக்குப் பல தட்டுகள் வேண்டியிருந்தன. தட்டைத் திருப்பி வைக்கும்தோறும் கேட்பவர் கதையை விட்டு எழுந்திருக்க நேர்ந்தது. அந்தக் கட்டாய இடைவேளை ஒரு விதத்தில் நன்மையே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது ஏன் என்பது பின்னர் விளங்கும்.

எவருடைய குரல்?

சுயசரிதை ஒலிநூலைத் தேர்ந்தெடுக்கும்போது எழும் முதல் வினா, நூலாசிரியரே படித்த பதிவா, தொழில் முறையில் படிக்கும் ஒருவர் படித்ததா என்பது. ஆசிரியர் படித்ததே மேல் என்று பொதுவிதி கூறுவோர் பலர். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எழுதும் கை வாய்த்தவர்களுக்கெல்லாம் படிக்கும் வாய் வாய்ப்பதில்லை. தாம் எழுதியதைத் தாமே முதன்முறை பார்க்கிறவர்களைப்போல் ஒப்பிக்கும் பெரிய மனிதர்கள் உண்டு. ஆனால், குரலே வாழ்க்கையின் ஒரு பகுதியாக இருக்கும் நூல்கள் சில இருக்கின்றன. அவற்றைப் பிறர் குரலில் கேட்பது, மாப்பிள்ளை வராத கல்யாணத்தில் விருந்துண்டு திரும்புவதற்கு ஒப்பாகும்.

அமெரிக்கக் கறுப்பினக் கவியான மாயா ஆஞ்சலோ 1969-இல் வெளியிட்ட இளமை வரலாற்றை முதலில் சொல்லுவேன். ஏழெட்டு வயதில் தமக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றி நீதிமன்றத்தில் சொல்லும்படி நேர்ந்ததையும், குற்றவாளி பின்பு கொலையுண்டு கிடந்ததையும், தம் வாய்ச்சொல்லே ஒரு மனிதனைக் கொன்றுவிட்டது என்று அந்தக் குழந்தை மனம் அஞ்சி ஏறக்குறைய ஐந்து வருஷகாலம் அண்ணனிடம் அன்றி வேறெவரிடமும் பேசாதிருந்ததையும் அதில் எழுதியிருக்கிறார். அந்த மௌனத்திலிருந்து அவரை மீட்டவர் ஆர்க்கன்சாஸ் மாகாணத்து ஸ்டாம்ப்ஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஒரு மாது. தம் வீட்டுக்கு அழைத்துத் தின்பண்டம் கொடுத்து, டிக்கன்ஸின் நாவலொன்றை உரக்கப் படித்துக் காட்டியே அவர் அதைச் சாதித்தார். பேச மறுத்த அந்தக் குழந்தை முதியவளாகித் தன் கதையைத் தானே வாய்விட்டுப் படிக்கிறது என்ற ஞாபகத்தோடு அந்தப் பதிவைக் கேட்பவருக்கு, அவருடைய ஆழ்ந்த கண்டத்திலிருந்து எழும் ஒவ்வொரு வாக்கியமும் வேறு கனம் பெற்றுவிடும். அச்சில் இந்த அனுபவத்துக்கு வழியில்லை.

ஃபிராங்க் மெக்கோர்ட் வேறு வகை. நியூயார்க் பள்ளிகளில் சுமார் முப்பது வருஷம் ஆசிரியராயிருந்து, 66-ஆம் வயதில், 1996-இல், அயர்லாந்தின் லிமெரிக் நகரத்துச் சேரி வீடுகளில் தாம் கழித்த வறுமைப் பருவத்தை எழுதினார். அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது. குடிகாரத் தகப்பன், இறந்துபோகும் பச்சைக் குழந்தைகள், ஈரம் கசியும் சுவர்கள் என்று சொல்லப் போனால் ஒரே துக்கமயமான விஷயம். ஆயினும் சிரிப்பு வந்துகொண்டே இருக்கிறது. உரையாடல்களுக்கு அவர் மேற்கோட்குறி இடுவதில்லை. ஆதலின் அச்சில் படிப்பவர் சில வேளைகளில் பேசியவர் தாயா, பாட்டியா, தெருவில் நின்றவரா என்று நிதானிக்க வேண்டியிருக்கும். அவரே படிக்கும்போது இந்தச் சங்கடம் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் தொனியோடு வந்து நிற்கிறார்கள். அடங்காத பிள்ளைகளை வகுப்பில் முப்பது வருஷம் கட்டி உட்காரவைத்த ஒருவரிடம் கேட்பவர் தப்பிக்க முடியுமா?

தென்னாப்பிரிக்க நகைச்சுவையாளர் டிரெவர் நோவா 2016-இல் வெளியிட்ட நூலையும் இந்த வரிசையில் வைக்கலாம். கறுப்பினப் பெண்ணுக்கும் வெள்ளை ஆணுக்கும் உறவு ஏற்படுவதே சட்டப்படி குற்றமாயிருந்த தேசத்தில், அத்தகைய தாய் தந்தையருக்கு 1984-இல் பிறந்தவர் அவர். எதிரில் வருகிறவனுடைய பாஷையைப் பேசினால் அவன் நம்மைத் தன்னவனாக எண்ணிவிடுவான் என்பதே சிறுவயதில் அவர் கண்ட உபாயம். நாக்கைச் சொடுக்கி ஒலிக்கும் கோசா மொழிச் சொற்கள் காகிதத்தில் வெறும் எழுத்துக்களாகக் கிடக்கும். அவர் வாயில் அவை உயிர் பெறுகின்றன.

நம் மொழியில் 1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ முழுவதும் பேச்சு வழக்கிலே எழுதப்பட்டது. எழுத்துத் தமிழுக்குப் பழகிய கண் அதில் அடிக்கடி இடறும்; அந்தப் பேச்சில் பிறந்து வளர்ந்த ஒருவர் படிக்கக் கேட்டால் இடறலே இராது. வேற்று வட்டாரத்தார் ஒருவர் மேடைத் தமிழ் உச்சரிப்பில் அதைப் படித்தாரானால், எவ்வளவு கீர்த்தி வாய்ந்த குரலாயினும், விலகிவிடுங்கள்.

குரலின் வசியம்

இவ்வளவு சொன்னபின் எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விடுவது தர்மமன்று. மனிதக் குரலுக்கு வசிய சக்தி உண்டு. அச்செழுத்தில் ‘அப்படியா?’ என்று புருவத்தை உயர்த்தும் நாம், தழுதழுத்த குரலில் அதே வாக்கியத்தைக் கேட்கும்போது ‘ஐயோ!’ என்று உருகிப்போகிறோம். மெக்கோர்ட்டின் நூல் வெளிவந்த காலத்தில், தங்கள் ஊர் அப்படி இருந்ததில்லை என்று லிமெரிக் வாசிகள் பலர் சினந்து எழுந்தனர். எவர் சொன்னது மெய் என்று தீர்ப்புக் கூற நமக்கு அதிகாரமில்லை. ஆனால் பதினைந்து மணி நேரம் அவர் குரலிலே திளைத்த ஒருவர் லிமெரிக்வாசிகளின் கட்சியை நிதானமாகக் கேட்கும் நிலையில் இருப்பாரா என்பது சந்தேகமே.

இதற்கு நான் கைக்கொள்ளும் பரிகாரம் எளியது. உருக்கமான பகுதி எதுவாயினும், அது முடிந்தவுடன் பதிவை நிறுத்தி, ‘இதை இவர் கண்டாரா, கேட்டாரா, ஊகித்தாரா?’ என்று ஒரு முறை கேட்டுக்கொள்வேன். தாம் பிறப்பதற்கு முன் பெற்றோர் சந்தித்த விதத்தை மெக்கோர்ட் விவரிக்கிறார், அது கேட்டது. ஏகாதசி விரத நாளில் மறதியாகத் தாம்பூலம் தரித்துக்கொண்ட தஞ்சை அரசர் ஒருவர் அதற்குப் பிராயசித்தமாக அமைத்ததே தம் ஊரான உத்தமதானபுரம் என்று சாமிநாதையர் தொடங்குகிறார், அதுவும் கர்ணபரம்பரை. தம் தமிழாசிரியரான பிள்ளையவர்களிடம் அவர் பாடம் கேட்ட கதை கண்ணாற் கண்டது. கேட்டதும் கண்டதும் ஒரே குரலில் ஒரே சுருதியில் வருவதால் செவிக்குப் பேதம் தெரிவதில்லை. தட்டைத் திருப்ப எழுந்த பழங்காலத்து நேயருக்கு இந்த நிதானம் இயல்பாகவே கிட்டியது. நாமோ வலிந்து ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முழுமையும் சுருக்கமும்

விலை கொடுப்பதற்குமுன், பதிவு முழு நூலா சுருக்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிநாடாக் காலத்தில் சுருக்கமே பெருவழக்கு. ஆசிரியர் குரல் என்ற ஒன்றினாலேயே முழுமை உறுதியாகிவிடாது: பராக் ஒபாமா தம் இளமை வரலாற்றைத் தாமே படித்து 2006-இல் கிராமி விருது பெற்ற பதிவு சுருக்கப்பட்டதே. நாவலைச் சுருக்கினால் கதையாவது மிஞ்சும். சுயசரிதையைச் சுருக்குகிறவர் முதலில் வெட்டுவது ஆசிரியரின் தயக்கங்களையும் கிளைக்கதைகளையும். அவருடைய குணம் குடியிருப்பதோ அங்கேதான்.

ஒரு நூலை எடுத்துக்கொண்டு

முறையைத் தெளிவாக்க ‘என் சரித்திர’த்தையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் காலமாகி அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டபடியால் அதை எவரும் படித்துப் பதிவு செய்யலாம். ஆதலால் பதிவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கேட்பவரைச் சேர்ந்தது. மாதிரிக்கு முதல் அத்தியாயத்தைக் கேட்டு ஏமாறாதீர்கள். முதல் அத்தியாயத்தை எல்லாரும் ஜாக்கிரதையாகவே படிப்பார்கள். நடுவில் செய்யுள் வரும் ஓர் அத்தியாயத்தைத் திறவுங்கள். படிப்பவர் செய்யுளைப் பொருள் விளங்கப் பதம் பிரித்துச் சொல்கிறாரா, மூச்சுப் போன இடத்தில் வெட்டுகிறாரா என்பது நான்கே அடியில் தெரிந்துவிடும். லகர ளகர ழகரங்களைப் பற்றி நான் தனியே சொல்லவேண்டியதில்லை. பின்னணியில் வீணையோ புல்லாங்குழலோ விடாமல் ஒலிக்கும் பதிவுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐயரின் தகப்பனார் வேங்கட சுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். ஐயரும் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிறிது கற்று, தம் தமிழாசிரியருக்கு அதில் நாட்டமில்லை என்றறிந்து விட்டுவிட்டவர். அந்தத் தியாகத்தைச் சொல்லும் இடத்திலும் பின்னணி வீணை முழங்கினால் அதைவிட அபஸ்வரம் வேறில்லை.

நூலில் 122 அத்தியாயங்கள். நிதானமாகப் படித்தால் அத்தியாயம் ஒன்றுக்கு ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும், சில கூடும். விடுமுறையில் உட்கார்ந்து முடித்துவிடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். 1940-இன் தொடக்கத்திலிருந்து வாரத்துக்கு ஒன்றாக வந்த நூல் அது. காந்தியடிகளின் சத்திய சோதனையும் குஜராத்திப் பத்திரிகையில் வாரா வாரம் வந்ததே. இத்தகைய நூல்கள் இடைவெளியோடு உட்கொள்ளத் தக்கவை. நாளுக்கு ஓர் அத்தியாயம் வைத்துக்கொண்டால் நான்கு மாதத்தில் முடியும்.

செவிக்குரிய பெருங்குறை, அதனால் ஒன்றைத் தாண்டிச் செல்ல முடியாது என்பது. அதுவே அதன் பெருமையும் ஆகிறது. 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் காணச் சென்ற கட்டத்தை நினைத்துப் பாருங்கள். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் வினவ, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. அச்சில் இந்த ஜாபிதாவைக் கண் தத்தித் தாவிக் கடந்துவிடும். காதோ ஒவ்வொரு பெயரையும் வாங்கியாக வேண்டும். கேட்கக் கேட்க ஓர் இளைஞரின் அத்தனை வருஷத்து உழைப்பும் நம் முன்னே குவிகிறது. அதன்பின், சீவக சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்று முதலியார் கேட்கும்போது ஐயருக்கு உண்டான அதிர்ச்சியில் நமக்கும் பங்கு வந்துவிடுகிறது. 1887-இல் சிந்தாமணி அச்சேறியதற்கு வித்து விழுந்த இடம் அது. அச்சில் பலமுறை படித்திருந்தும் அந்தப் பட்டியலின் பயன் எனக்கு விளங்கியது, சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்ட ஒரு மாலையில்தான்.

பெயர்களும் வருஷங்களும் மட்டும் செவியில் தங்குவதில்லை. அதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும்: ஒரு பக்கம் ஊர்கள், மறுபக்கம் மனிதர்கள். தமிழ் வருஷப் பெயர்கள் வரும்போது சிறிது எச்சரிக்கை வேண்டும். ஐயர் பிறந்தது ஆனந்த வருஷம், அதாவது 1855 பிப்ரவரி. அச்சில் அது வருஷத்தின் பெயர் என்று உடனே புரியும், காதில் விழும்போது ஏதோ சந்தோஷமான வருஷம் என்று கடந்துபோகக்கூடும். முப்பது விநாடி பின்னே தள்ளும் பொத்தானைத் தயங்காமல் உபயோகியுங்கள். என் அத்தைப்பாட்டி உபயோகித்த பொத்தான் அதுவே. கூடுமானால் அச்சுப் புத்தகமும் அருகில் இருக்கட்டும், செய்யுட்களுக்காக.

இக்காலத்தில் யந்திரமே எழுத்தைக் குரலாக்கித் தருகிறது. சமையற் குறிப்புக்கும் சட்ட விளக்கத்துக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன். பார்வையற்றவர்க்கு அச்சிலுள்ள எதையும் உடனே திறந்துவிடும் அதன் உபகாரம் சாமானியமன்று. ஆனால் சாட்சி சொல்லும் நூலுக்குச் சாட்சியோ அவருக்காக மனம் கொடுத்துப் படிக்கும் ஒரு மனிதரோ வேண்டும். மரணச் செய்தியையும் மார்கழி மாதத்துப் பொங்கலையும் ஒரே சமநிலையில் சொல்லும் குரலைக் கேட்டுக் கேட்டு, நாமும் அப்படியே கேட்கப் பழகிவிடுவோமோ என்பதே என் பயம்.

எங்கே, எப்போது கேட்பது? நடக்கும்போதும், துணி மடிக்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தபோதும் கேட்கலாம். தெருவில் ஒரு காதை லாரிகளுக்காகத் திறந்து வையுங்கள். மிக்ஸி ஓடுகையில் நிறுத்திவிடுங்கள். படுக்கையில் கேட்பவர்கள் தானாக நிற்கும் கடிகாரத்தைக் கால் மணிக்கு அமைத்துக்கொள்வது உத்தமம்; இல்லையேல் விழித்தெழும்போது சரித்திர நாயகருக்கு வயது பத்துக் கூடியிருக்கும்.

கடைசியாக ஒரு முன்னெச்சரிக்கை. 122-ஆம் அத்தியாயம் முடிந்ததும் பலர் கைப்பேசியைத் தட்டிப் பார்க்கிறார்கள்; பதிவு பாதியில் அறுந்துவிட்டது, பதிவிறக்கம் சரியாக நடக்கவில்லை என்று எண்ணி அழித்து மறுபடி இறக்குகிறவர்களையும் கண்டிருக்கிறேன். 1898-இல் வெளிவந்த மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு கதை நின்றுவிடுகிறது. அதற்குப்பின் அவர் வாழ்ந்த நாற்பதுக்கு மேற்பட்ட வருஷங்கள் அதில் இல்லை. 1942 ஏப்ரல் 28-இல் ஐயர் காலமானார். அடுத்த வாரங்களுக்கு எழுத அவர் இல்லை. கோப்பில் பழுது ஒன்றும் கிடையாது. மீதியை அறிய விரும்புவோர் அவருடைய மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ நூலைத் தேடிக்கொள்ளலாம். அது வேறொருவர் குரல்.